அறுபத்து மூன்றாவது மனு

திங்கள்கிழமை பதினொரு மணிக்குப்
புங்கமரத்தில் ஒரு சைக்கிள் சாயும் சத்தம்.
ஸ்டாண்டு உடைந்த சைக்கிள்.
நான் முத்திரைப் பெட்டியைத் திறந்துவைப்பேன்.

சீனி நைனா.
அபுதாபியில் பதினோரு வருஷம் ஏசி மாட்டியவர்.
கொண்டுவந்ததெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சியது
விமான நிலையத்துப் பை ஒன்று.
அதற்குள் சாத்தாங்கால்:
கண்மாய்க் கலுங்கிலிருந்து ஊருணி வரை
நாலாயிரத்து இருநூறு அடி.
வரைபட நகலில் இரண்டு கோடு,
தரையில் சீமைக் கருவேலம்.

“பெறப்பட்டது” என்று குத்துவேன்.
மையை ஊதிக் காயவைத்து
நகலை மடித்துக்கொண்டு போவார்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.
நண்பர் என்று சொல்லிக்கொள்ள
எனக்கு வாய் வரவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை அவர்.
ஜும்ஆ முடிந்ததும் அரிவாளோடு நாலு பேர்,
மறுவாரம் இரண்டு,
பிறகு அவர் மட்டும்.
கச்சான் அடித்துக் கடலுக்குப் போகாத நாள்களில்
வலைக்காரப் பையன்கள் சிலர்.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஊக்கு.
என் எதிரில் உட்கார்ந்து
காலைத் தூக்கி மடியில் வைத்து முள் எடுப்பார்.
“கவர்மென்ட் நாற்காலி சார்,
கொஞ்சம் ரத்தம் பட்டிருச்சு.”

அளந்துகொண்டே வந்தவருக்குப்
பதினேழாம் கல் கிடைக்கவில்லை.
ஒரு ஞாயிறு என் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றார்.
குளியலறைச் சுவரை
விரல் மடக்கித் தட்டினார்.
“மூணரை அடி சார்.”
குரல் உயரவில்லை.
என் மனைவி தண்ணீர் கொடுத்தாள்.
ஏது என்று கேட்டார்.
லாரித் தண்ணீர், குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மனுவில் ஆக்கிரமித்தவர் பட்டியல்.
பதினாறு பெயர்கள்.
பதினேழுக்கு எண் மட்டும்,
எதிரே வெறும் கோடு.

நேர்மையால் சுவரை இடித்தேன் என்று
யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.
பத்தொன்பது திங்கள்கிழமைகள்
அந்தக் கோட்டின்மேல் முத்திரை குத்தினேன்.
இருபதாவதில் கை ஓடவில்லை.

புரட்டாசியில் போய்விட்டார்.
சிறுநீரகம். வாரம் இருமுறை ராமநாதபுரம் ஆஸ்பத்திரி,
ஊசி குத்திய கையோடு அப்படியே கால்வாய்.
பள்ளிவாசல் வாசலில்
எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றவனை
யாரோ இழுத்துச் சந்தூக்கின் அடியில் விட்டார்கள்.
நாற்பது எட்டு சுமந்திருப்பேன்.
அத்தனை லேசு.

ஐப்பசி இருபத்து நாலு, விடிகாலை.
முதலில் நுரை. பிறகு ஒற்றைச் செருப்பு,
பால் கவர்கள், செத்த சாரைப்பாம்பு,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
செங்காவி நிறத்தில் தண்ணீர்.
குடவண்டி தள்ளிப்போன பெண்கள்
வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.
கொசு வரும் என்றார் ஒருவர்.
அவர் பட்டியலில் ஆறாவது.

அந்த அறுபத்து மூன்றாவது மனு
என் இழுப்பறையில் கிடந்தது,
படுக்கையில் எழுதி மருமகனிடம் கொடுத்துவிட்டது:
“கால்வாய் வெட்டியதில்
சவுரியம்மாள் வீட்டுக்குப் பாதை அறுந்தது.
அதை யோசிக்காதது என் தவறு.
சிறுபாலம் ஒன்று வேண்டும்.”

சவுரியம்மாள் இரண்டு பனந்தடி போட்டிருக்கிறாள்.
ஆட்டை முதலில் விட்டுப் பார்த்துப்
பின்னால் கடக்கிறாள்.
நடுவில் நின்று என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

இன்று திங்கள்.
தேதியைத் திருப்பி, மை ஊற்றி, குத்தினேன்.
ஊதிக் காயவைத்தேன்.
நகலை வாங்க ஆளில்லை.
மடித்து என் பையில் வைத்துக்கொண்டு
பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன்.
பெஞ்சைக் காட்டி
உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்திருக்கிறேன்.